ரம் அரான்ஜே: ரெயூனியன் தீவு முறையில் ரம்மில் பழம் ஊறவைப்பதற்கு முழு வழிகாட்டி

ரெயூனியன் தீவின் பல உணவகங்களில் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் அன்னாசித் துண்டுகள், ஒன்றில் உரித்த லிச்சி, இன்னொன்றில் கறுத்த வெனிலாக் காய்கள். சாப்பாடு முடிந்ததும் அவற்றில் ஒன்றிலிருந்து சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள். இதற்கு அங்கே 'ரம் அரான்ஜே' என்று பெயர். பழத்தையும் மசாலாவையும் ரம்மில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது; அடுப்பும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

பார்க்கச் சுலபமாகத் தெரிவதால்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜாடி நிறையப் பழம், மேலே ரம், கை நிறையச் சர்க்கரை, நாலு கிராம்பு, மூடிவைத்தால் ஆயிற்று என்று நினைத்தால் மூன்று மாதம் கழித்துக் கிடைப்பது கிராம்புத் தைலம் கலந்த சர்க்கரைத் தண்ணீர்தான். பழம் எவ்வளவு தண்ணீர் விடும், எதை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்ற இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

எந்த ரம்?

ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு. கரும்புதான் அதன் முக்கியப் பயிர். புவா ரூஜ், கோல் என்று இரண்டு சர்க்கரை ஆலைகள். சவானா, ரிவியேர் த்யு மா, இசோத்தியே என்று மூன்று ரம் வடிசாலைகள். இசோத்தியே 1845-இலிருந்து நடக்கிறது. 1848 டிசம்பர் 20-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் இந்தக் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே ஏராளமான தமிழர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மல்பார்' என்பார்கள். சவானா வடிசாலை இருக்கும் சேன்ட்-ஆந்த்ரே பகுதியில் தமிழ்க் கோயில்கள் இன்றும் நிறைய உண்டு.

ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த மொலாசஸைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்து, உயரமான தூண் வடிகலனில் வடிப்பார்கள். வரும் சாராயத்தைத் தண்ணீர் சேர்த்து 49 டிகிரிக்கு, அதாவது 100 மில்லியில் 49 மில்லி ஆல்கஹால் என்ற அளவுக்கு இறக்குவார்கள். கரும்பு வண்டிப் படம் போட்ட ஷாரெத் என்ற வெள்ளை ரம்தான் தீவில் இதற்கு அதிகம் புழங்குவது. மரப்பீப்பாயில் முதிர்ந்த விலை உயர்ந்த ரம்மை யாரும் இதில் கொட்டுவதில்லை. பீப்பாயின் வாசனையும் பழத்தின் வாசனையும் ஒன்றையொன்று அமுக்கும், காசுக்கும் கேடு.

இந்தியாவில் கிடைக்கும் ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். வெள்ளை ரம்மே எடுங்கள். கறுப்பு ரம்மில் ஏற்கெனவே கேரமல் நிறமும் இனிப்பு மணமும் இருக்கும். உலர்ந்த திராட்சைக்கும் பேரீச்சைக்கும் அது ஒத்துப்போகும், லிச்சியின் மணம் அதில் காணாமல் போய்விடும். இலங்கைத் தென்னஞ்சாராயத்திலும் செய்யலாம். ஆனால் அது பொதுவாக 33 முதல் 37 சதவீதம்தான் என்பதால் சாறு மிகுந்த பழத்தைத் தாங்காது. உலர்பழமும் மசாலாவும் போட்டால் நன்றாக வரும்.

வீட்டில் வடிக்கும் வேலையே வேண்டாம். உரிமமின்றி வடிப்பது தமிழ்நாட்டில் குற்றம். லேபிள் இல்லாத சரக்கையும் தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனாலை மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. பழம் போட்டு ஊறவைத்தால் அது போகவும் போகாது.

முதலில் கணக்கு

அன்னாசியில் எடைக்கு ஏறத்தாழ 86 சதவீதம் தண்ணீர். 350 கிராம் துண்டுகள் போட்டால் 300 மில்லி தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் 49 டிகிரி ரம்மில் 490 மில்லி ஆல்கஹால். அது இப்போது 1,300 மில்லியில் பரவுகிறது. 490-ஐ 1,300-ஆல் வகுத்தால் 37.7 சதவீதம். அருமையான அளவு.

அதே பழத்தை 42.8 ரம்மில் போட்டால் 33 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். இதுவும் நல்லதே. ஆசைப்பட்டு 42.8 ரம்மில் 700 கிராம் போட்டால் 27-க்கு வந்துவிடும். 33.5 சதவீதத் தென்னஞ்சாராயத்தில் 350 கிராம் போட்டாலே 26 தான்.

கடைசியில் 30-க்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 20-க்கு மேல் இருந்தாலே கிருமிகளால் பெருக முடியாதே என்று கேட்கலாம். ஜாடி முழுக்க ஒரே சீராகக் கலந்தபின் அது சரி. முதல் சில நாட்களில் பழத்துண்டின் நடுப்பகுதிக்கு ஆல்கஹால் போய்ச் சேர்ந்திருக்காது. மேலே மிதக்கும் துண்டின் முதுகு காற்றில் நிற்கும். கெடுவது அங்கேதான் தொடங்கும். தவிர, 25-க்குக் கீழே ருசியும் சப்பென்று ஆகிவிடும்.

ஆகவே எளிய அளவு: 49 டிகிரி ரம் ஒரு லிட்டருக்குச் சாறுள்ள பழம் 350 முதல் 450 கிராம், 42.8 ரம் ஒரு லிட்டருக்கு 300 முதல் 350 கிராம். இந்திய 'ஃபுல்' பாட்டில் 750 மில்லி என்றால் 250 கிராம். பழத்தைத் தோல், கொட்டை நீக்கியபின் எடை போடுங்கள்.

ஜாடி

வாயகன்ற கண்ணாடி ஜாடி, ஒன்றரை லிட்டர் கொள்ளளவு. ஒரு லிட்டர் ரம்மும் பழமும் போட்டால் மேலே சிறிதளவு இடம்தான் மிஞ்சும், அதுதான் வேண்டும். மூன்று லிட்டர் ஜாடியில் போட்டால் பாதி காற்று. பழம் பழுப்பேறும், மணமும் ஆவியாகும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடியும் வேண்டாம்; அதன் மெருகில் ஈயம் இருந்தால் புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து அதைக் கரைக்கும். தகர மூடி பழச்சாறு பட்டால் துருப்பிடிக்கும். கண்ணாடி மூடியும் ரப்பர் வளையமும் உள்ளது நல்லது. வெந்நீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள்.

அன்னாசி – வெனிலா: படிப்படியாக

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. தவறினாலும் குடிக்கிற மாதிரி வரும்.

தேவை: 49 டிகிரி வெள்ளை ரம் 1 லிட்டர், அன்னாசி (சீவியபின்) 350 கிராம், வெனிலாக் காய் 1, வெளிர்பழுப்புக் கரும்புச் சர்க்கரை 40 முதல் 60 கிராம்.

1. பழத்தைத் தேர்ந்தெடுங்கள். ரெயூனியனில் விக்டோரியா என்ற சிறிய, மணம் மிகுந்த அன்னாசியைத்தான் போடுவார்கள். அது குயீன் வகை. கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் 'மொரீஷியஸ்' ரகமும் அதே வகைதான் என்பதால் நம் சந்தையில் மாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் மணம் அடிக்க வேண்டும். அழுத்தினால் குழியும் பழம், புளித்த வாடை வரும் பழம் வேண்டாம். காயாக இருந்தால் ரம் பழுக்க வைத்துவிடாது. பச்சை வாடையும் புளிப்பும்தான் இறங்கும்.

2. தோலை ஆழமாகச் சீவி, கண்களை முழுக்க எடுத்து, நடுத்தண்டை நீக்குங்கள். தண்டில் நார்தான் இருக்கிறது, மணம் இல்லை. பழத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். இதைவிடச் சின்னதாக வெட்டினால் சீக்கிரம் ஊறும், ஆனால் கரைந்து கலங்கும். மிக்ஸியில் அடிக்கவே கூடாது.

3. வெட்டிய துண்டுகளைச் சல்லடையில் கால் மணி நேரம் வையுங்கள். வடியும் சாற்றைக் குடித்துவிடலாம்; அந்த அளவுக்குத் தண்ணீர் குறைவு.

4. வெனிலாக் காயை நீளவாக்கில் கீறுங்கள், இரண்டாகப் பிளக்க வேண்டாம். வெனிலாக் கொடியின் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841-இல் கண்டுபிடித்தவர் இந்தத் தீவில் அடிமையாக இருந்த எத்மோன் அல்பியுஸ். அப்போது அவருக்கு வயது 12. உலகம் முழுவதும் இன்றும் அதே வழிதான். எசன்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து இதைச் செய்ய நினைக்காதீர்கள்.

5. ஜாடியில் முதலில் பழம், பிறகு வெனிலா, கடைசியில் ரம். துண்டுகளுக்கு மேல் இரண்டு விரல் உயரம் ரம் நிற்க வேண்டும். உள்ளே காற்று இருப்பதால் முதலில் சில துண்டுகள் மிதக்கும். ஒரு வாரம்வரை தினமும் ஜாடியை மெதுவாகச் சாய்த்து எல்லாத் துண்டும் நனையும்படி செய்யுங்கள். காற்று வெளியேறியதும் தாழ்ந்துவிடும்.

6. வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஊறுவது மந்தமாகிவிடும். ஊறுகாயைப் போல வெயிலில் வைத்து எடுப்பது இதற்கு ஆகாது. நிறம் வெளுக்கும், மணம் பறக்கும். ஜாடியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மூன்று ஜாடி ஆனபின் எது எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

7. ஒரு மாதம் ஆனதும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள். ரம் எரிச்சல் முன்னால் வரும், அன்னாசி பின்னால் வரும். இரண்டாம் மாதம் இரண்டும் சேரத் தொடங்கும். மூன்றாம் மாதம் துண்டுகள் வெளிறி, மென்றால் ரம் மட்டுமே ருசிக்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது; பழத்தை வெளியே எடுங்கள். வெனிலாவை இன்னும் மூன்று மாதம் விட்டுவைக்கலாம். அந்த மணம் மெதுவாகத்தான் இறங்கும், அதிகம் இருந்தாலும் கெடுக்காது.

8. மஸ்லின் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள். பிழிந்தால் கூடுதலாகக் கிடைப்பது ஐம்பது மில்லி. அது மொத்தத்தையும் கலக்கிவிடும். இன்னும் தெளிவு வேண்டுமானால் இரண்டு நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக இறுத்து, காபி ஃபில்டர் தாளில் ஊற்றுங்கள்.

9. சர்க்கரை இப்போதுதான். 40 கிராம் சர்க்கரையை 30 மில்லி வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, பாதியைச் சேர்த்துக் கலந்து ருசி பாருங்கள். தேவைப்பட்டால் மீதி. பிறகு பாட்டிலில் ஊற்றி இரண்டு மூன்று வாரம் வையுங்கள். இனிப்பும் காரமும் ஒன்றோடொன்று சேரட்டும்.

ரெயூனியனிலேயே பலர் முதல் நாளே சர்க்கரை போட்டுவிடுவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பழம் எவ்வளவு இனிப்பு விடும் என்பது ஊறியபின்தான் தெரியும். போட்ட சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியாது. ஆல்கஹாலில் சர்க்கரை எளிதில் கரையாமல் அடியில் படிந்தும் கிடக்கும். வெல்லம் போட்டால் மணம் நன்றாக இருக்கும், ஆனால் வண்டல் வரும். போடுவதென்றால் பாகாக்கி வடிகட்டிப் போடுங்கள்.

மற்ற பழங்கள்

லிச்சி: தீவில் இதன் பருவம் நவம்பர் முதல் ஜனவரிவரை. தோலுரித்து, கொட்டை நீக்கி, லிட்டருக்கு 400 கிராம். கொட்டையோடு போடுகிறவர்களும் உண்டு. துவர்ப்பு ஏறும், லிச்சிக் கொட்டையில் உடலுக்கு ஆகாத பொருளும் உண்டு என்பதால் நீக்குவதே சரி. மூன்று மாதம். டின்னில் வரும் பாகு லிச்சி வேண்டாம்.

கம்பாவா: தோல் முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும் எலுமிச்சை வகை, தாய்லாந்துக் குழம்புகளில் போடும் வாசனை இலை இதன் மரத்துடையதே. பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி, லிட்டருக்கு ஒரு பழத்துத் தோல், ஐந்து நாள். ஆறாம் நாள் கட்டாயம் எடுத்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை எதுவானாலும் இதே விதி: வெள்ளைத் தோல் ஒட்டக் கூடாது, நாள் தாண்டக் கூடாது. சிட்ரஸ் தோலின் எண்ணெய் முதல் சில நாளிலேயே இறங்கிவிடும், பிறகு வருவது கசப்பு.

வாழைப்பழம்: மணத்துக்குப் பெயர் போனது, தொல்லைக்கும் அப்படியே. புள்ளி விழாத, உறுதியான பழமாக 250 கிராம். தடித்த வில்லைகளாக வெட்டி மூன்று வாரத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டால் கூழாகும், கூழ் வடிகட்டவே வராது. மாம்பழமும் ஏறக்குறைய இதே குணம்.

சிறு சிவப்புக் கொய்யா: தீவின் மேட்டுப்பகுதியில் விளையும், நெல்லிக்காய் அளவுப் பழம். இரண்டாக வெட்டி 300 கிராம், இரண்டு மாதம். நம்மூர்க் கொய்யாவுக்கு இந்த அளவு பொருந்தாது. அதில் பெக்டின், அதாவது ஜாமை உறையவைக்கும் பொருள் அதிகம், கலங்கும்.

உலர்ந்த திராட்சை, பேரீச்சை, அத்தி: தண்ணீர் மிகக் குறைவு என்பதால் ரம்மின் வீரியம் இறங்காது. லிட்டருக்கு 120 கிராம், இரண்டு மாதம், சர்க்கரையே வேண்டாம்.

பிளம், ஆப்ரிகாட், செர்ரி: கொட்டையை நீக்கியே போடுங்கள். உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து சயனைடு வெளிப்படும் பொருள் இறங்கும்.

மசாலாவுக்கு ஒரே கட்டளை: கையைக் கட்டுங்கள். லிட்டருக்குப் பட்டை ஒரு விரல் நீளம், இஞ்சி 20 கிராம், அன்னாசிப்பூ பாதி. கிராம்பு இரண்டு போதும், அதையும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள். ஐந்தாறு போட்டால் நாக்கு மரத்து, பல் வைத்தியரிடம் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டால் எடுப்பது எளிது.

தவறு நேர்ந்தால்

கலங்கல்: பெக்டின் காரணம் என்றால் பாட்டிலை ஒரு வாரம் நிமிர்த்தி வையுங்கள், அடியில் படியும். சிட்ரஸ் போட்டதில் தண்ணீரோ பாகோ சேர்த்தவுடன் பால் போல் வெளுத்தால், கரைந்திருந்த தோல் எண்ணெய் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கெடுதல் இல்லை, கொஞ்சம் ரம் சேர்த்தால் தெளியும்.

பழுப்பு நிறம்: மேலே காற்று அதிகம், அல்லது துண்டுகள் வெளியே நின்றிருக்கின்றன. ருசி நன்றாக இருந்தால் வடிகட்டிச் சீக்கிரம் குடித்துவிடலாம்.

கசப்பு: வெள்ளைத் தோல், கிராம்பு, நாள் கடந்த இஞ்சி. சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் கசப்பும் திகட்டலும் சேர்ந்து நிற்கும். கசப்பானதை இரண்டு பங்கு புது ரம்மோடு கலந்து, பழம் மட்டும் போட்டு மறுபடி ஊறவைப்பதுதான் வழி.

நுரை, மூடி உப்புதல், புளித்த வாடை: வீரியம் போதவில்லை, புளிக்கத் தொடங்கிவிட்டது. மேலே பூசணம் தெரிந்தாலும் சரி, அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

காரல்: எதுவும் கெடவில்லை, பொறுமைதான் போதவில்லை. மீண்டும் மூடி இரண்டு மாதம் வையுங்கள்.

பரிமாறுவது

சாப்பாட்டுக்குப் பிறகு, 30 முதல் 40 மில்லி, வாய் சற்றுக் குறுகிய சின்னக் கிளாஸில். அறை வெப்பத்திலோ லேசாகக் குளிர்ந்தோ இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்து ஷாட் அடிப்பதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதே இல்லை. அந்தக் குளிரில் மணம் எழாது. சிட்ரஸும் இஞ்சியும் போட்டவை கொஞ்சம் குளிர்ச்சியைத் தாங்கும். வெனிலா, பேரீச்சை போட்டவற்றுக்கு ஐஸே வேண்டாம். வெயில் காலத்தில் 40 மில்லிக்கு 120 மில்லி சோடா, நிறைய ஐஸ் என்று நீட்டிக்கொள்ளலாம். அன்னாசி அதற்குப் பொருந்தும், வாழை பொருந்தாது.

ஊறிய பழத்துண்டுகளைப் பற்றி விருந்தாளிகளுக்குச் சொல்லிவையுங்கள். 350 கிராம் அன்னாசியில் இருக்கும் 300 மில்லி ஈரம் இப்போது 37 சதவீத ஆல்கஹால். மொத்தம் 110 மில்லிக்கு மேல். 42.8 ரம் ஒரு குவார்ட்டரில் இருப்பது 77 மில்லிதான். கிண்ணத்தில் போட்டுப் பழம்தானே என்று முள்கரண்டியால் எடுத்துத் தின்றால் ஏறக்குறைய ஒன்றரைக் குவார்ட்டர் உள்ளே போகும். குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டி ஓட்டப்போகிறவருக்குத் துண்டும் தராதீர்கள். வாணலியில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் புரட்டி, ஐஸ்க்ரீமுக்கு மேல் வைத்தால் நன்றாக இருக்கும். எரிவாயு அடுப்பருகே பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றக் கூடாது. தீ பாட்டிலுக்கு ஏறும்.

ஒருமுறை ஊறிய பழத்தின் மேல் மறுபடி ரம் ஊற்றுவதில் பயனில்லை. வெனிலாக் காயை மட்டும் இரண்டாம் முறையும் போடலாம். வடிகட்டி முடித்ததைக் கழுத்துவரை நிறைத்த பாட்டிலில், இருட்டில், நிமிர்த்தி வையுங்கள். கார்க் மூடியானால் படுக்கவைக்கவே கூடாது. இந்த வீரியத்தில் கார்க் அரிக்கும். பழ ரம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் உச்சத்தில் இருக்கும். பிறகு கெடாது, ஆனால் பழ மணம் மங்கிக்கொண்டே வரும். பாதி பாட்டில் மிஞ்சினால் சின்னப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.